நீருக்கடியில் படம் எடுக்க எதை வாங்குவது? கேமராவைக் கடைசியில் யோசியுங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். டைவிங் கற்றுக்கொண்டு இதுவரை 15 டைவ் போயிருக்கிறீர்கள். வாடகைக்கு எடுத்த ஆக்‌ஷன் கேமராவில் பிடித்த படங்கள் எல்லாம் ஒரே நீலமாக, புகை படிந்தது போல வந்துவிட்டன. வீட்டில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் அதோடு வந்த 16-50 மி.மீ. லென்ஸும் சும்மா இருக்கின்றன. அதற்கு ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்புகா உறை) வாங்குவதா, தண்ணீருக்கென்றே செய்த சின்ன கேமரா ஒன்றைப் புதிதாக வாங்குவதா என்று கேட்கிறீர்கள். எந்த கேமரா என்று கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது அந்த நீலப் படங்கள்தான் என்று தோன்றுகிறது. அதனால் அவை ஏன் அப்படி வந்தன என்பதில் தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் எதில் பணம் போடுவது என்பது பாதி தெளிந்துவிடும். நான் பன்னிரண்டு வருடமாக நீருக்கடியில் படம் எடுக்கிறேன், பெரும்பாலும் நிழற்படம். வீடியோவில் எனக்குப் பழக்கம் குறைவு. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கும். எல்லா நிறத்தையும் ஒரே சீராக விழுங்காது. முதலில் போவது சிவப்பு. சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். 10 மீட்டரில் ஆரஞ்சு, 20 மீட்டர் வாக்கில் மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மங்கி, கடைசியில் நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலிருந்து மீன்வரை வெளிச்சம் வரும் தூரத்தோடு, மீனிலிருந்து உங்கள் லென்ஸ்வரை வரும் தூரத்தையும் கூட்ட வேண்டும். 6 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் தள்ளிப் போகும் ஆமையை எடுத்தால் அந்த ஒளி 9 மீட்டர் தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறது. நம் கண்ணும் மூளையும் இந்த இழப்பை ஓரளவு சரிக்கட்டிக் காட்டும். கேமராவுக்கு அந்த அளவுக்குக் கைவராது. அதனால்தான் கீழே பார்த்த பவளத்தின் நிறம் வீட்டுத் திரையில் இல்லை. புகை மாதிரித் தெரிந்தது உங்களுக்கும் மீனுக்கும் நடுவே மிதக்கும் தூசியும் நுண்ணுயிர்களும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. என் அளவுகோல் 1 மீட்டர். அதைவிடத் தள்ளி இருந்தால் பெரும்பாலும் நான் ஷட்டரைத் தொடுவதே இல்லை.

நெருங்கிப் போனபிறகும் போன சிவப்பு தானாகத் திரும்பாது, வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோனால்தான் திரும்பும். இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. நீரடியில் எடுத்த முதல் வண்ணப் படங்கள் என்று சொல்லப்படுபவை 1926ல் ஃபுளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் பகுதியில் எடுக்கப்பட்டவை. வில்லியம் லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்ல்ஸ் மார்ட்டின் என்ற புகைப்படக்காரரும் தண்ணீர்மேல் மிதவையில் மெக்னீசியம் பொடியை வைத்து வெடிக்கச் செய்து, அந்த வெளிச்சத்தில் மீனைப் படம்பிடித்தார்கள். 1927 ஜனவரி நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவை வந்தன. அன்று அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை இன்று ஸ்ட்ரோப் என்கிற நீர்புகா ஃபிளாஷ் செய்கிறது. எனவே என் பதிலின் சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது வெளிச்சத்துக்கென்று முதலில் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் என்ன ஹவுசிங் வரும் என்று பாருங்கள். கேமரா அதற்கப்புறம். ஸ்ட்ரோப் இல்லாத விலையுயர்ந்த கேமராவைவிட, ஒரு நல்ல ஸ்ட்ரோப் மாட்டிய சாதாரண கேமரா நல்ல படம் தரும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

டார்ச் மாதிரி தொடர்ந்து எரியும் வீடியோ லைட் போதாதா என்று கேட்பீர்கள். நிழற்படத்துக்குப் போதாது. சில ஆயிரம் லூமன் என்று பெட்டியில் போட்டிருக்கும் விளக்கும், ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் ஸ்ட்ரோப் கொட்டும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வராது. ஸ்ட்ரோபின் பளிச்சொளி அவ்வளவு குறுகியது என்பதால், துள்ளும் மீனும் உங்கள் கை நடுக்கமும் உறைந்து நின்றுவிடும். மிக நெருக்கத்தில், கையளவு உயிர்களுக்கு மட்டும் லைட்டை வைத்து ஒப்பேற்றலாம். வீடியோவும் வேண்டும் என்றால் லைட் கட்டாயம். சிவப்பு ஃபில்டர் சிலருக்குப் பிடிக்கும். நீலமான தெளிந்த நீரில், வெயில் நன்றாக இருக்கும்போது, ஏறக்குறைய 5 முதல் 15 மீட்டருக்குள் அது உதவும். பச்சை நீருக்கு மஜெண்டா ஃபில்டர். ஆனால் ஃபில்டர் இல்லாத நிறத்தை உண்டாக்காது, மற்ற நிறங்களை வெட்டித்தான் சமன் செய்யும். ஆகவே படத்தில் வெளிச்சம் குறையும். ஸ்ட்ரோபோடு சேர்த்து அதைப் போட்டால் படம் சிவந்துபோகும்.

ஒரு ஸ்ட்ரோபா, இரண்டா? இதில் அனுபவசாலிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. சின்ன உயிர்களை நெருங்கி எடுக்க ஒன்றே போதும் என்பது என் அனுபவம். ஒரு பக்கம் விழும் நிழல் படத்துக்கு உருவம் கொடுக்கும். அகலக் காட்சிக்கு இரண்டு தேவைப்படும். எண்ணிக்கையைவிட முக்கியம் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பது. கேமராவின் மேலேயே ஃபிளாஷ் இருந்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் பொட்டாக ஒளிரும். பேக்ஸ்கேட்டர் என்று டைவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். ஸ்ட்ரோபை ‘கை’ என்கிற நீண்ட தண்டில் மாட்டிப் பக்கவாட்டில் விலக்கி, லென்ஸின் முகத்தைவிடச் சற்றுப் பின்னால் வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் மீன்மேல் விழட்டும். நடுவில் உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும், பொட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். இதற்காகத்தான் கேமராவுக்கு அடியில் போடும் தட்டு, கைகள், கிளாம்ப் எல்லாம். வாங்கும் பட்டியலில் இவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பிறகு கடைசி நேரத்தில் திண்டாடுகிறார்கள்.

உங்கள் மிரர்லெஸ்ஸுக்கு வருவோம். ஒரு விஷயத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள், அதில் உள்ளேயே ஒரு சின்ன ஃபிளாஷ் இருக்கிறதா? ஸ்ட்ரோபை இயக்க இன்று பரவலாகப் பயன்படுவது ஃபைபர் ஆப்டிக் கேபிள். கேமராவின் ஃபிளாஷ் மின்னும்போது அந்த ஒளி கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோபைத் தட்டிவிடும். புது மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உள் ஃபிளாஷே கிடையாது. அப்படியானால் ஹவுசிங்குக்குள் வைக்கும் ஸ்ட்ரோபைத் தட்டிவிடும் எல்இடி டிரிகர் ஒன்று தனியாக வேண்டும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், ஹவுசிங் என்பது ஒரு குறிப்பிட்ட கேமரா மாடலுக்கென்றே வார்த்தது. ஒவ்வொரு பட்டனுக்கும் நேர் மேலே அதன் பட்டன் இருக்கும். நாளைக்கு கேமராவை மாற்றினால் ஹவுசிங் பெரும்பாலும் உதவாது. போர்ட்டுகளையாவது அதே நிறுவனத்தின் அடுத்த ஹவுசிங்கில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. உங்கள் மாடலுக்கு ஹவுசிங் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாட்டிகாம், ஐக்லைட், ஐசோட்டா, மலிவில் சீஃப்ராக்ஸ் என்று தேடத் தொடங்கலாம். அலுமினிய ஹவுசிங்கின் விலை கேமராவின் விலையையே தாண்டுவது சாதாரணம், அதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். பாலிகார்பனேட்டில் செய்தவை மலிவு, எடையும் குறைவு. வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் உள்ளே பனி படிவது அதிகம். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த அறையில் வைத்து மூடினால் சமாளிக்கலாம். முதல் ஹவுசிங் பாலிகார்பனேட்டாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கருத்து.

ஹவுசிங்கைவிட யோசிக்க வேண்டியது அதன் முன்னால் வரும் போர்ட், அதாவது லென்ஸ் வெளியே பார்க்கும் கண்ணாடி. அது தட்டையாக இருந்தால் தண்ணீரில் ஒளி வளைவதால் காட்சி ஏறக்குறைய 1.33 மடங்கு பெரிதாகும், அதாவது கோணம் குறுகும். உங்கள் 16 மி.மீ. தண்ணீருக்கடியில் கிட்டத்தட்ட 21 மி.மீ. போல நடந்துகொள்ளும். அகலமான லென்ஸைத் தட்டைப் போர்ட்டுக்குப் பின்னால் வைத்தால் ஓரங்கள் இழுபட்டு, நிறம் பிரிந்து தெரியும். சின்ன உயிர்களை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோவுக்கோ இந்தப் பெரிதாக்கல் ஆதாயம்தான். அரைக்கோளமாக இருக்கும் டோம் போர்ட் லென்ஸின் அகலத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும், பதிலுக்கு வேறொன்றைக் கேட்கும். டோமின் வழியே பார்க்கும்போது எவ்வளவு தூரத்தில் உள்ள காட்சியும் டோமுக்குச் சற்று முன்னால் ஒரு மாயப் பிம்பமாக நிற்கும். 20 செ.மீ. குறுக்களவுள்ள டோம் என்றால், எல்லையற்ற தூரம்கூட சுமார் 30 செ.மீ. முன்னால் இருப்பதுபோல் லென்ஸுக்குத் தோன்றும். ஆகவே நெருங்கி ஃபோகஸ் ஆகும் லென்ஸ் வேண்டும். அந்தப் பிம்பம் வளைந்தும் இருப்பதால் ஓரங்கள் கூர்மையாக வர அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 8, எஃப் 11 என்று சுருக்க வேண்டியிருக்கும். முழுச் சட்டக சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) என்றால் இன்னும் சுருக்க வேண்டும். பெரிய சென்சார் தரையில் தரும் ஆதாயத்தில் ஒரு பங்கு இப்படியே கரைந்துபோகிறது. நீரடியில் அந்தப் பெரிய சென்சார் கூடுதல் செலவுக்கும் சுமைக்கும் தகுமா என்பதில் நல்ல புகைப்படக்காரர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் அளவுகளே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று நினைக்கிற பக்கம் நான்.

உங்கள் 16-50 லென்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். தட்டைப் போர்ட்டின் வெளியே, தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய வெட் லென்ஸ்கள் உண்டு. ஒரே டைவில் அகல வெட் லென்ஸ் போட்டுப் பாறையை எடுத்துவிட்டு, அதைக் கழற்றி நெருக்கத்துக்கான டயாப்டர் லென்ஸ் மாட்டி இறாலையும் எடுக்கலாம். கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு இவ்வளவு பொருத்தமான வேலை தரையில்கூட இல்லை. உங்கள் லென்ஸோடும் போர்ட்டோடும் சேர்த்துச் சோதித்ததாகத் தயாரிப்பாளர் பட்டியலில் இருக்கும் வெட் லென்ஸை மட்டும் வாங்குங்கள். ஓரங்கள் கறுத்துப்போவது பெரும்பாலும் பொருந்தாத ஜோடியால்தான்.

இனி அந்தச் சின்ன கேமரா. ஓஎம் சிஸ்டம் டிஜி-7, அதற்கு முந்தைய ஒலிம்பஸ் டிஜி-6 என்ற வரிசையைத்தான் நினைத்திருப்பீர்கள். அவை தாமாகவே 15 மீட்டர்வரை தாங்கும், தனி ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர்வரை போகலாம். இவற்றின் உயிர் மைக்ராஸ்கோப் மோடு. லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும். அரிசிமணி அளவுள்ள ஓடில்லாக் கடல் நத்தையைக் கூடுதல் லென்ஸ் எதுவும் இல்லாமல் படம் நிறைய எடுக்கலாம். இதை மிரர்லெஸ்ஸில் செய்ய மேக்ரோ லென்ஸும் அதற்கான போர்ட்டும் வேண்டும். குறைகளும் உண்டு. சென்சார் சிறியது. அபர்ச்சர், ஷட்டர் இரண்டையும் முழுக்க உங்கள் கையில் விடும் மேனுவல் மோடு இல்லாததால், பின்னணி நீலத்தை நினைத்தபடி அடர்த்தியாக்குவது கடினம். 25 மி.மீ.க்கு இணையான அகலம் நீரில் இன்னும் குறுகுவதால் பெரிய பாறைக் காட்சிக்கு வெட் லென்ஸ் தேவைப்படும். 15 மீட்டர் என்று போட்டிருக்கிறதே என்று ஹவுசிங் இல்லாமல் டைவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த எண் புதுக் கேமராவின், சுத்தமான ரப்பரின் எண். பேட்டரிக் கதவை ஈரப் படகில் திறந்து மூடும் கேமராவுக்கு அது பொருந்தும் என்று நான் நம்பமாட்டேன். ஆக்‌ஷன் கேமராவை மட்டம் தட்டவும் விரும்பவில்லை. திருக்கை, சுறா, கூட்டமாகப் போகும் மீன்கள் போன்ற பெரிய காட்சிகளின் வீடியோவுக்கு அது அருமையானது. அதன் லென்ஸ் மிக அகலமானது, நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகாது. அதனால் கையளவு உயிர் கடுகாகவோ மங்கலாகவோதான் வரும்.

ஆக, முடிவு நீங்கள் எதை எடுக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதோடு, 15 டைவ் என்று நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமரா பிடித்த கையோடு, துடுப்பை அசைக்காமல், மணலுக்கு ஒரு முழம் மேலே ஒரு நிமிடம் அசையாமல் மிதக்க முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் சில டைவ் வெறுங்கையோடு போங்கள். படம் பிடிக்கும் ஆர்வத்தில் முழங்கால் பவளத்தில் படுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நொடியில் ஒடியும் கிளை வளர்ந்ததற்குப் பல வருடம் ஆகியிருக்கும். ஃபோகஸ் கிடைக்காத பதற்றத்தில் காற்று அளவைப் பார்க்க மறப்பதும் நடக்கும். பெரிய ரிக், அதாவது ஹவுசிங், ஸ்ட்ரோப், கைகள் எல்லாம் சேர்ந்த தொகுதி, இந்தச் சுமையைக் கூட்டும். இரண்டு ஸ்ட்ரோபோடு கூடிய அலுமினிய ஹவுசிங் நீரில் கீழே இழுக்கும், பெரிய டோம் மேலே முட்டும், இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டு நோகும். மிதவைக் கைகள் போட்டு எடையைச் சமன் செய்யலாம், அது அனுபவத்தில்தான் பிடிபடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிஜி வரிசை கேமரா, அதன் ஹவுசிங், ஒரே ஒரு ஸ்ட்ரோப், ஒரு தட்டு, ஒரு கை என்று தொடங்குவேன். ஒரு வருடம் சின்ன உயிர்களை மட்டும் எடுப்பேன். நெருங்கிப் போவதும் ஒளியை வைப்பதும் அதில் கையில் ஏறிவிடும், கலங்கிய நீரிலும் படம் கிடைக்கும். பிறகு மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் ஸ்ட்ரோப், கை, கிளாம்ப் எல்லாம் அப்படியே உடன் வரும். என் கருத்தை மாற்றக்கூடியது ஒன்றுதான். தரையில் அந்த மிரர்லெஸ்ஸை மேனுவலில், பட்டனைப் பார்க்காமலே இயக்கும் அளவுக்குப் பழகியிருக்கிறீர்கள், அதன் மாடலுக்கு நல்ல நிலையில் பழைய ஹவுசிங்கும் கிடைக்கிறது என்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். அப்போதும் ஸ்ட்ரோபுக்கான பணத்தைத் தொடாதீர்கள்.

எதை வாங்கினாலும் காவல் ஓ-ரிங்தான், ஹவுசிங்கின் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். நான் ஒரு கேமராவை இழந்தது ஓ-ரிங்மேல் கிடந்த ஒற்றைத் தலைமுடியால். படகு ஆடிக்கொண்டிருக்க அவசரமாக மூடினேன், 12 மீட்டரில் போர்ட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். மேலே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப்பின் முந்தின இரவே, நல்ல விளக்கடியில், யாரோடும் பேசாமல் உட்கார்ந்துதான் ஹவுசிங்கை மூடுகிறேன். ஓ-ரிங்கை விரலால் தடவி மணலோ நாரோ இருக்கிறதா என்று பார்த்து, அது பளபளக்கும் அளவுக்கு மட்டும் கிரீஸ் பூசுங்கள். அந்த ஹவுசிங்கின் தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸையே பூசுங்கள். சிலிக்கான் ஓ-ரிங்குக்குத் தவறான சிலிக்கான் கிரீஸ் பூசினால் அது உப்பிவிடும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, கசிவு இருந்தால் விளக்கால் எச்சரிக்கும் வேக்குவம் அமைப்பு உங்கள் ஹவுசிங்குக்குக் கிடைத்தால், இன்னொரு லென்ஸ் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். டைவ் முடிந்ததும் நன்னீரில் ஊறவைத்து, ஊறும்போதே பட்டன்களை எல்லாம் அழுத்திவிடுங்கள். உப்பு உலர்ந்து இறுகினால் அடுத்த முறை கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். எல்லோரும் கேமராவைப் போடும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மற்றவர்களின் கேமரா உங்கள் டோமில் கீறும். விமானத்தில் கொண்டுபோகும்போது ஹவுசிங்கை இறுக மூடாமல் ஓ-ரிங்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் காற்றழுத்த வேறுபாட்டில் மூடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். எப்போதாவது உள்ளே தண்ணீர் தெரிந்தால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி, வழக்கமான வேகத்திலேயே, ஏறும் வழியில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தை விடாமல் மேலே வாருங்கள். கேமராவுக்காக வேகமாக ஏற வேண்டாம். மேலே வந்ததும் முகத்தை விலக்கிக்கொண்டு ஹவுசிங்கைத் திறந்து பேட்டரியை எடுங்கள், உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

ஹவுசிங் புதிதோ பழையதோ, கேமராவை உள்ளே வைக்காமல் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு மூடி, எடைக்கு ஏதாவது கட்டி முதல் டைவுக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் போகும் ஆழம்வரை இறக்கி, எல்லாப் பட்டன்களையும் நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள். மேலே வந்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறக்கும்போது காகிதம் மொரமொரப்பாக இருந்தால் அடுத்த டைவுக்கு கேமராவை வைக்கலாம். உங்கள் மிரர்லெஸ்ஸின் மாடலையும், எந்த உயிர்களை எடுக்க ஆசை என்பதையும் எழுதினால் எந்தப் போர்ட், எந்த வெட் லென்ஸ் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.